நோயுற்றவரின் விரதம் யாருடையது?

உட்தவம் ஆறனுள் வையாவிருத்தியம் ஒன்று என்பதை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். துறவியர்க்குச் செய்யும் தொண்டு என்றே அதனைப் பெரும்பாலும் பேசி வருகிறோம். நோயுற்ற கணவருக்கு வீட்டில் செய்யும் பணிவிடையும் அதன்பாற்பட்டதே என்று எண்ணி, அவ்வெண்ணத்தில் சிறிது பெருமிதமும் கொண்டிருந்தோம் யாம். அப்பெருமிதம் கலைந்த கதையை எழுதுமாறு எவரும் எம்மைக் கேட்கவில்லை. எனினும், இவ்விதழ் செல்லும் இல்லங்கள் சிலவற்றிலேனும் இதே இக்கட்டு நேர்ந்திருக்கும் என்பதால் எழுதுகிறோம்.

எம் கணவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய். சென்னையில் அறுவை சிகிச்சை முடிந்தபின் கேபெசிடபின் என்னும் மாத்திரை தந்தார்கள். 14 நாள் உட்கொண்டு 7 நாள் ஓய்வு. இவ்வாறு எட்டுச் சுற்று, ஏறத்தாழ ஆறு மாதம். ஊரிலேயே இருந்து மருந்து உண்ணலாம் என்பதில் எமக்கு நிம்மதி. ஆனால் மருத்துவமனையில் செவிலியர் செய்யும் காவல் முழுவதும் வீட்டில் மனைவியிடம் வந்து சேர்கிறது. காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டை எட்டினால் நள்ளிரவாயினும் மருத்துவரை அழைக்க வேண்டும். உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரிகின்றனவா, வாய்ப்புண் உண்டா, வயிற்றுப்போக்கு எத்தனை முறை என நாள்தோறும் குறிக்க வேண்டும். வருகைப் பதிவேடு போல ஒரு நோட்டில் கட்டம் போட்டு வைத்தோம். அது எமக்குப் பழகிய வேலை.

இம்மாத்திரையை உணவு முடித்த அரைமணிக்குள் விழுங்க வேண்டும். இரு வேளைக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி நேரம் இருக்க வேண்டும். சீட்டில் காலை எட்டு, இரவு எட்டு என்று எழுதியிருந்தது. எம் கணவரோ இருபது வயது முதல் பொழுது சாய்ந்தபின் உண்டதில்லை. நீருக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்கு வைத்திருந்தார். அது மார்கழி மாதம். ஐந்தே முக்காலுக்கெல்லாம் கதிரவன் மறைந்துவிடும். ஐந்து மணிக்கு உண்டு, எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் மாத்திரை விழுங்கினார். குமட்டலும் வாந்தியும் மிகுந்தன. இரண்டாம் சுற்றில் கொல்லைப்புறம் செல்லவும் எம் தோளைப் பற்ற வேண்டியதாயிற்று.

அப்போது யாம் செய்தது இது. பிற்பகலில் அவர் அயர்ந்து உறங்குவார். கண் கூசுகிறது என்று சன்னலுக்குத் தடித்த போர்வை கட்டியிருந்தோம். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி வைத்தோம். ஏழரை மணிக்கு எழுப்புவோம். "பொழுது இருக்கிறதா?" என்பார். "இருக்கிறது, சாப்பிடுங்கள்" என்போம். நொய்க்கஞ்சி உண்பார், மாத்திரையும் வயிற்றில் தங்கும். ஒன்பது நாள் இவ்வாறு நடந்தது. பொய் சொன்ன பிள்ளைகளை 34 ஆண்டுகள் கண்டித்த அதே வாய்தான் இதையும் சொன்னது.

பத்தாம் நாள், அரையாண்டு விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி அறைக்குள் ஓடி வந்தாள். "தாத்தா, நீங்க ராத்திரியில சாப்பிட மாட்டீங்கன்னு அம்மா சொன்னாங்களே?" என்றாள். அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். எத்தனை நாள் என்று மட்டும் கேட்டார். சொன்னோம். நெடுநேரம் கழித்து, "என்னைக் கேட்டிருந்தால், ஒருவேளை நானே சாப்பிட்டிருப்பேன்" என்றார்.

உறவினர் எம்மைத் தேற்றினர். அறியாமல் உண்டவருக்குக் குற்றமில்லை, உயிர் காக்கச் சொன்ன உமக்கும் குற்றமில்லை என்றனர். இதற்கு நூலாதாரமும் உண்டு. பிறருக்குத் தீங்கு விளைவிக்குமாயின் உண்மையையும் உரைக்கலாகாது என்று சமந்தபத்திரர் இல்லறத்தாருக்கு வகுத்துள்ளார். அந்த நிழலில் யாமும் சில நாள் ஒதுங்கி நின்றோம். ஆனால் தத்துவார்த்த சூத்திரம், வாய்மை விரதத்தைக் காக்கும் பாவனைகள் ஐந்தனுள் அச்சத்தை விடுதலையும் ஒன்றாக வைத்திருக்கிறது. சினத்தால் பொய் வரும், ஆசையால் வரும் என்பது எமக்கு முன்பே தெரியும். அச்சம் ஏன் அவ்வரிசையில் நிற்கிறது என்பது இந்த வயதில்தான் விளங்கிற்று. அவர் உயிருக்காகச் சொன்னோம் என்பது பாதிதான் உண்மை. தனித்து விடப்படுவோமோ என்று நடுங்கியவர் யாமே.

நோயாளிக்கு யாம் ஊட்டுகிறோம், உடுத்துகிறோம், கழுவுகிறோம். நாளடைவில் அவர் மனமும் எம் கைப்பொருள் போலத் தோன்றிவிடுகிறது. நம் குடும்பங்கள் பலவற்றில் நோயின் பெயரையே நோயாளியிடம் மறைப்பதும் இதனாலன்றோ? 1970-களின் தொடக்கத்தில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எமக்கு ஒன்று கற்பித்தார்கள்: எழுதத் திணறும் பிள்ளையின் பலகையை வாங்கி நீ எழுதிக் கொடுக்காதே. ஏழு வயதுப் பிள்ளையிடம் தவறாமல் காத்த அந்த மரியாதையை, உடன் வாழ்ந்த கணவரிடம் காக்கத் தவறினோம். விரதத்தை ஏற்றவர் அவர். தளர்த்துவதானால் தளர்த்த வேண்டியவரும் அவரே. யாம் கஞ்சியோடு அந்த முடிவையும் அவரறியாமல் எடுத்துக்கொண்டோம்.

இனிச் சொல்வது இன்னும் வெட்கத்திற்குரியது. அடுத்த முறை மருத்துவரிடம் நடந்ததைக் கூறினோம். அவர் சீட்டில் எட்டு என்பதை அடித்துவிட்டு, காலை 6.45, மாலை 5.30 என்று எழுதினார். இவருக்கு இந்த வேறுபாட்டால் கேடில்லை என்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. (எம் கணக்கைப் பார்த்து எவரும் தாமாக மாற்றிக்கொள்ள வேண்டா, அவரவர் மருத்துவரைக் கேட்க.) மருந்தா விரதமா என்று யாம் ஒன்பது நாள் போராடிய போரில் எதிர்ப்பக்கம் எவருமே இருக்கவில்லை.

கழற்றிய பேட்டரியை அவரே தேடி எடுத்துக் கடிகாரத்தில் போட்டார். அதன்பின் பல வாரம் எம்மிடம் மணி கேட்கவில்லை. பேத்தியைக் கேட்டார், அவள் சென்றபின் பால்காரரைக் கேட்டார். மாத்திரையைக் கையில் வைத்தால் திருப்பிப் பார்த்து, "இது எது?" என்பார். வாந்தி நின்றுவிட்டது, எடையும் சிறிது ஏறிற்று. அந்தக் கேள்வி மட்டும் நின்றபாடில்லை.

எட்டுச் சுற்றும் முடிந்தன. இப்போது இரத்த அழுத்த மாத்திரை ஒன்றுதான். அதையும் பெயர் சொல்லியே கொடுக்கிறோம். சில நாள் அவர் திருப்பிப் பார்க்கிறார். சில நாள் பார்ப்பதில்லை.