“மெதுவாகப் போ என்று சொல்ல நீ யார்?”

 

 

நம் பகுதியில் பல ஊர்களின் அமைப்பு ஒன்றுதான். ஊருக்கு நடுவே பெரிய சாலை. ஒரு பக்கம் பள்ளிவாசலும் மதரஸாவும், மறுபக்கம் பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் பஸ் ஸ்டாப்பும். காலையில் ஓதப் போகும் பிள்ளைகளும், மஃரிபுக்கு வரும் முதியவர்களும் அந்தச் சாலையைக் கடந்துதான் ஆக வேண்டும். அதனால் சில ஊர்களில் ஜமாஅத் இளைஞர்களும் பக்கத்துத் தெருவின் மாற்று மதச் சகோதரர்களும் சேர்ந்து, ஒளிரும் சட்டை போட்டுக்கொண்டு விசிலும் சிவப்புக் கொடியுமாகச் சாலையோரம் நிற்கிறார்கள். பிள்ளைகளைக் கடக்க வைக்கிறார்கள். பறந்து வருபவரிடம், “ஊருக்குள்ள மெதுவாப் போங்க தம்பி” என்கிறார்கள்.

அதற்குப் பல நேரம் கிடைக்கும் பதில்: “ரோடு என்ன உங்க வீட்டு ரோடா? என்னைச் சொல்ல நீ யார்?”

கோபத்தில் வரும் பேச்சு என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. என் வேகம் என் சொந்த விஷயம்தானே என்பது ஒன்று. அதிகாரம் இல்லாத ஒருவர் என்னைத் தடுக்கலாமா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் மார்க்கம் பதில் வைத்திருக்கிறது.

வேகம் சொந்த விஷயமா?

மத்திய அரசின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 100க்கு 71 பேரின் மரணத்துக்குக் காரணமாகப் பதிவாகியிருப்பது அதிவேகம். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள். இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு கிராமப்புறச் சாலைகளில் இறந்தவர்கள். நகரத்து நெரிசலை விட நம் ஊர்ச் சாலைதான் அதிக உயிர்களைக் குடிக்கிறது.

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் புகாரியின் ஹதீஸை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஒரு கப்பலில் சிலர் மேல்தளத்திலும் சிலர் கீழ்த்தளத்திலும் பயணிக்கிறார்கள். கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காக மேலே ஏறி இறங்கித் தொந்தரவு தருவானேன், நம்முடைய பங்கில் ஓர் ஓட்டை போட்டுக்கொள்வோம் என்று நினைக்கிறார்கள். மேலே இருப்பவர்கள் அப்படியே விட்டுவிட்டால் எல்லோரும் அழிவார்கள். அவர்களின் கையைப் பிடித்துக்கொண்டால் எல்லோரும் பிழைப்பார்கள் என்று நபிகளார் (ஸல்) உவமை சொன்னார்கள்.

கவனியுங்கள். கீழ்த்தளத்தார் கெட்ட எண்ணத்தோடு ஓட்டை போடவில்லை. அடுத்தவருக்குத் தொந்தரவு வேண்டாம் என்ற நல்ல எண்ணமே அவர்களுக்கு இருந்தது. ஆனால் கப்பலில் தனிப்பங்கு என்று ஒன்று கிடையாது. சாலையும் அப்படித்தான். வண்டி உங்களுடையது, பெட்ரோல் உங்களுடையது, அவசரமும் உங்களுடையது. குறுக்கே வரும் குழந்தை உங்களுடையதல்ல.

மார்க்கம் வேகத்தையே வெறுக்கிறதா?

இல்லை. ஹஜ்ஜின்போது அரஃபாவிலிருந்து நபிகளார் (ஸல்) புறப்பட்டபோது, பின்னால் ஒட்டகங்களை அடித்து விரட்டும் சப்தம் கேட்டது. உடனே மக்களை நோக்கிச் சைகை செய்து, நிதானத்தைக் கடைப்பிடிக்கச் சொன்னார்கள். விரட்டிச் செல்வதில் நன்மை இல்லை என்று உணர்த்தினார்கள். இது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு. அதே பயணத்தைப் பற்றி உஸாமா (ரலி) அவர்கள் சொல்லும்போது, நபிகளார் மிதமான நடையில் சென்றார்கள், இடைவெளி கிடைத்தபோது வேகமாகச் சென்றார்கள் என்கிறார்கள். இரண்டும் புகாரியில் உள்ளவை.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். திறந்த வெளியில் வேகம் குற்றமில்லை. மனிதர்கள் நெருங்கியிருக்கும் இடத்தில் அது நன்மையில்லை. ஹஜ் என்ற மாபெரும் வணக்கத்திலேயே அவசரம் நன்மையாகாது என்றால், கடைத்தெருவைக் கடக்கும் நம் அவசரத்தில் என்ன நன்மை?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 கிலோமீட்டர் நீளமுள்ள ஊரை 40 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க நாலரை நிமிடம் ஆகும். 60இல் போனால் மூன்று நிமிடம். மிச்சம் ஒன்றரை நிமிடம். அந்த ஒன்றரை நிமிடத்துக்காக எதைப் பணயம் வைக்கிறோம்? 60இல் போகும் வண்டி ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் பாய்கிறது. போனை இரண்டு விநாடி பார்த்தால் 30 மீட்டருக்கு மேல் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும்.

“விதி வந்துவிட்டது” என்று சொல்லலாமா?

விபத்து நடந்தபின் ஜனாஸா வீட்டில், “அவருடைய நேரம் முடிந்துவிட்டது” என்று ஆறுதல் சொல்கிறோம். இறந்தவரின் வீட்டாருக்கு அது சரியான வார்த்தை. மவ்த்தின் நேரம் அல்லாஹ்விடம் குறிக்கப்பட்டது என்பது நம் ஈமான். ஆனால் இடித்தவர் அதே வார்த்தையைத் தனக்குச் சாக்காகச் சொல்ல முடியாது.

திருக்குர்ஆனின் 4ஆவது அத்தியாயம் 92ஆவது வசனத்தைப் பாருங்கள். தவறுதலாக ஓர் உயிரைக் கொன்றவர் மீதும் அல்லாஹ் பொறுப்பைச் சுமத்துகிறான். இறந்தவரின் குடும்பத்துக்கு, அவர்கள் மன்னித்தாலன்றி, ஈட்டுத்தொகை. பரிகாரமாக ஓர் அடிமையை விடுதலை செய்வது. இயலாவிட்டால் தொடர்ந்து இரண்டு மாத நோன்பு. கொல்லும் எண்ணமே இல்லாதவருக்கு இந்தச் சட்டம்! எல்லாம் விதி, மனிதனுக்குப் பொறுப்பில்லை என்றால் இந்த வசனம் எதற்காக இறங்கியது?

சிரியாவில் கொள்ளைநோய் பரவியபோது உமர் (ரலி) அவர்கள் திரும்பிச் செல்ல முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்பதே உமர் (ரலி) அவர்களின் பதிலாக இருந்தது. பிரேக்கில் கால் வைப்பதும் விதிக்குள் அடங்கியதுதான்.

சாலை விதிகள் மனிதன் போட்டவைதானே என்று அலட்சியம் செய்வோரும் உண்டு. 1993இல் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, ஷரீஅத்துக்கு முரணில்லாத போக்குவரத்து விதிகளைப் பின்பற்றுவது மார்க்கக் கடமை என்று தீர்மானித்தது. ஹெல்மெட்டும் வேக வரம்பும் போலீஸுக்காக மட்டும் அல்ல.

சாலையோரம் நிற்பவர்களுக்கு

இனி இரண்டாவது கேள்வி. தன்னார்வலர்களே, உங்களிடம்தான் பேசுகிறேன்.

பாதையோரங்களில் உட்காருவதை நபிகளார் (ஸல்) தடுத்தார்கள். எங்களுக்கு வேறு இடமில்லையே என்று தோழர்கள் சொன்னபோது, அப்படியானால் பாதைக்கு அதன் உரிமையைக் கொடுங்கள் என்றார்கள். பார்வையைத் தாழ்த்துவது, தொல்லை தராமல் இருப்பது, ஸலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவுவது, தீமையைத் தடுப்பது என்று அந்த உரிமைகளையும் எடுத்துச் சொன்னார்கள் (புகாரி, முஸ்லிம்). “நீ யார்?” என்று கேட்பவருக்கு இதுதான் பதில்: பாதையின் உரிமையைக் கொடுக்கக் கடமைப்பட்டவன். ஆனால் வரிசையைப் பாருங்கள். தீமையைத் தடுப்பது கடைசியில் வருகிறது. தொல்லை தராமல் இருப்பது அதற்கு முன்பே வந்துவிட்டது.

ஆகவே சாவியைப் பிடுங்காதீர்கள், கை ஓங்காதீர்கள். அது அதிகாரம் உள்ளவர்களின் வேலை. நம் அதிகாரம் நாவு வரைதான். விபத்து நடந்தால் ஓட்டுநரை அடிக்கும் கூட்டத்தில் சேராதீர்கள். காயப்பட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும்படி ஓட்டுநருக்கு உத்தரவிடும் மோட்டார் வாகனச் சட்டம், கூட்டத்தின் ஆத்திரத்தால் அது முடியாமல் போனால் விலக்கும் தருகிறது. நம் ஆத்திரம் சட்டப் புத்தகத்திலேயே ஏறியிருக்கிறது! அடிக்குப் பயந்து ஓட்டுநர் ஓடினால், ரத்தம் சிந்திக் கிடப்பவர்தான் நஷ்டப்படுகிறார்.

துருவித் துருவி ஆராயாதீர்கள் என்று 49ஆவது அத்தியாயம் தடுக்கிறது. பொதுச் சாலையில் பகிரங்கமாகச் செய்வதைப் பார்ப்பது உளவு ஆகாது. வண்டி எண்ணைக் குறித்துப் போலீஸிடம் கொடுக்கலாம். ஆனால் அவருடைய முகத்தை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டால் அது திருத்தம் அல்ல, மானத்தைப் பறிப்பது.

ஊர்க்காரர்களே சேர்ந்து வேகத்தடை கட்டும் வழக்கமும் வேண்டாம். வெள்ளைக்கோடும் எச்சரிக்கைப் பலகையும் இல்லாத மேடு, இரவில் பைக்கில் வருபவரின் உயிரை எடுத்துவிடும். தீங்கைத் தீங்கால் நீக்கக் கூடாது என்பது ஃபிக்ஹின் விதி. கிராம சபையில் தீர்மானம் போடுங்கள், கலெக்டரிடம் மனு கொடுங்கள், அனுமதியோடு செய்யுங்கள்.

கடினமான சோதனை

வெளியூர் காரை நிறுத்துவது எளிது. ஜமாஅத் நிர்வாகியின் மகன் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு பறந்து வரும்போது விசில் ஊதுமா? உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருந்தாலும் நீதியில் நிலைத்து நில்லுங்கள் என்பது 4:135இன் கட்டளை. ஒரு மகனுக்காக விசில் மௌனமானால், அடுத்த நாள் முதல் அந்தக் கொடிக்கு மரியாதை இல்லை.

பெற்றோர்களே! 18 வயது நிரம்பாத பிள்ளையிடம் சாவியைக் கொடுப்பது பாசமா? அவன் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என்று 2019இல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. சட்டம் பிடிக்காமல் விட்டாலும் அல்லாஹ்விடம் கேள்வி உண்டு.

காயப்பட்டவரைக் கண்டால் தயங்காமல் 108ஐ அழையுங்கள். உதவி செய்பவருக்கு அதே திருத்தச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் ஏற்கிறது. ஓர் உயிரை வாழவைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழவைத்தவர் போன்றவர் என்பது திருமறையின் கணக்கு.

இன்றே தொடங்க ஒரு காரியம் இருக்கிறது. ஜும்ஆவுக்கு வரும் அவசரத்தில் வண்டியைச் சாலையில் பாதி நீட்டி நிறுத்தாதீர்கள். தொழுகைக்கே ஓடி வராமல் அமைதியாக வரச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்). பாதையிலிருந்து தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றால், பாதையில் தொல்லையை வைத்துவிட்டு உள்ளே வந்து ஸஃப்பில் நிற்பது என்ன நியாயம்?

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளையும் எல்லோருடைய பிள்ளைகளையும் சாலையின் ஆபத்துகளிலிருந்து பாதுகாப்பானாக! வெயிலிலும் மழையிலும் சாலையோரம் நிற்கும் சகோதரர்களுக்கு நிறைவான கூலியையும், கோபத்தை அடக்கும் பொறுமையையும் தருவானாக! ஆமீன்.