பிறர் கடிதத்தைப் படிக்கலாமா?

ஒருவருக்கு வந்த கடிதத்தை மற்றொருவர் பிரித்துப் படிப்பது இழிவான செய்கை என்பதில் நம்மவருக்குள் அபிப்பிராய பேதம் இல்லை. தபால்காரன் தந்த உறையை அடுத்த வீட்டுக்காரன் கிழித்துப் பார்த்தால் ஊரே கூடி அவனை ஏசும். ஆனால் அதே கடிதம் நூறு வருஷம் பெட்டியில் கிடந்து, எழுதினவரும் பெற்றவரும் மண்ணோடு மண்ணான பிறகு, ஒரு பண்டிதர் அதைப் பிரித்து அச்சிடுவாராயின் அவருக்குப் பட்டமும் பரிசும் கிடைக்கின்றன. இடையில் நடந்தது என்ன? ஒட்டுக் கேட்பது காலம் சென்றால் கல்வியாகி விடுமா? செத்தவனுக்கு மானம் கிடையாதா?

இதை வெறும் திண்ணை வாதம் என்று எண்ணற்க. மலாக்கா மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், கைமாறியும், வீட்டு மனைகளாகியும் போன வருஷங்களில், லயங்களில் மூன்று தலைமுறை இருந்த தமிழ்க் குடும்பங்கள் ஜாசினுக்கும் அலோர் காஜாவுக்கும் மலாக்காப் பட்டணத்துக்கும் குடி பெயர்ந்தன. தகரப் பெட்டிகளில் இருந்த பழங் கடிதங்களுள் அடுப்புக்குப் போனவை எத்தனையோ. இன்னும் அட்டத்தில் கிடப்பவையும் சில உண்டு. அவற்றை என்ன செய்வது என்பதே கேள்வி.

முதலில் பெரியோர் கடிதங்களைப் பார்ப்போம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் முதல் தலைவரான ஜார்ஜ் வாஷிங்டன் 1799-இல் இறந்தார். அவர் மனைவி மார்த்தா அம்மையார், 1802-இல் தாம் இறப்பதற்கு முன், நாற்பது வருஷ இல்வாழ்க்கையில் இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களை ஏறக்குறைய முழுவதும் நெருப்பிலிட்டார். தப்பியவை விரல் விட்டு எண்ணத்தக்கவையே. தாமஸ் ஜெபர்சனும் 1782-இல் மறைந்த தம் மனைவிக்கும் தமக்கும் இடையே நடந்த கடிதங்களில் ஒன்றையும் நமக்கு விட்டு வைக்கவில்லை. ஜான் ஆடம்ஸும் அவர் மனைவி அபிகெயிலும் எழுதியவையோ ஆயிரத்து நூறுக்கு மேல் இன்றும் இருக்கின்றன. புது நாட்டின் சட்டங்களை வகுக்கும்போது பெண்களையும் மறவாதீர் என்று 1776-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் அந்த அம்மையார் கணவருக்கு எழுதினார். கணவர் அதைச் சிரித்துத் தள்ளினார். இவையும் எரிந்திருந்தால் அந்த வேண்டுகோளையும் அந்தச் சிரிப்பையும் உலகம் அறியாது.

சரித்திர ஆசிரியர்களில் பலர் மார்த்தா அம்மையாரை நொந்துகொள்கின்றனர். நாம் அவ்வாறு நொந்துகொள்ள மாட்டோம். வாஷிங்டன் நாட்டுக்காக எழுதியவை யாவும் நாட்டுக்கே கிடைத்துவிட்டன. அந்நாட்டுக் காங்கிரஸ் நூல்நிலையத்தில் யாரும் சென்று பார்க்கலாம். மிஞ்சியது ஒரு கணவனும் மனைவியும் பேசிக்கொண்ட பேச்சு. அது வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் பாத்தியதை அந்த அம்மையாருடையது. தலைவன் ஆனதால் மனிதன் கதவில்லாத வீட்டில் வாழவேண்டும் என்பது நியாயமாகாது.

ஆனால் எரிப்பதற்கும் கையில் ஒரு கடிதம் இருக்க வேண்டுமன்றோ! அதே அமெரிக்காவில், தென் கரோலினா என்னும் மாகாணத்தில், அடிமைக்கு எழுதக் கற்பித்தால் அபராதம் என்று 1740-இல் சட்டம் செய்தார்கள். பதினைந்தாவது வயதில் படையிற் சேர்ந்து விடுதலைப் போரின் முடிவுவரை பட்டினியும் பனியுமாய்க் கிடந்த ஜோசப் பிளம் மார்ட்டின் என்ற சாதாரணச் சிப்பாய், 1830-இல் தம் பெயர் போடாமலே ஒரு புத்தகம் வெளியிட்டார்; அக்காலத்தில் அதைச் சீந்துவார் இல்லை. அந்தரங்கத்தைக் காப்பது என்ற உயர்ந்த தர்மம் பேச்சில் எல்லாருக்கும் பொது. அனுபவத்தில் அது எழுத்தறிந்தவனுடைய சொத்தாகவே இருந்து வந்திருக்கிறது.

நம் மலாக்காவுக்கு வருவோம். முன்ஷி அப்துல்லா 1796-இல் இங்கே பிறந்தவர். அவருடைய பாட்டனுக்குத் தந்தை ஏமன் நாட்டிலிருந்து வந்து நாகூரில் தமிழ்ப் பெண்ணை மணந்தவர் என்று அப்துல்லாவே எழுதியிருக்கிறார். அக்காலத்து மலாக்காவில் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் வியாபாரக் கணக்குக்காகத் தமிழ் கற்பது வழக்கமாம். அவரும் இரண்டரை வருஷம் தமிழ் படித்தார். பிறகு கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களோடு பழகி அவர்கள் பாஷையைக் கற்றார்; அவர்களுக்கு மலாய் கற்பித்தார். முன்ஷி என்ற பட்டமே அச்சிப்பாய்கள் இட்டது. ராஃபில்ஸ் துரை 1810-இன் இறுதியில் மலாக்காவுக்கு வந்து ஜாவாப் படையெடுப்புக்கு ஏற்பாடு செய்தபோது அவருடைய எழுத்தர்களில் மிக இளையவராக அப்துல்லா அமர்ந்தார். மலாய் அரசர்களுக்குப் போகும் ஓலைகளை எழுதுவது, ஏடுகளைப் பிரதி செய்வது முதலியவை அங்கே நடந்த வேலைகள். தம் சரித்திரத்தை அவர் 1843-இல் எழுதி முடித்தார். 1849-இல் சிங்கப்பூரில் அது அச்சாயிற்று.

1811-இல் கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபு மலாக்காவில் இறங்கினார். சுமார் 12,000 படையாட்கள். அவர்களில் ஏறக்குறையச் சரிபாதி இந்தியச் சிப்பாய்கள். மிண்டோ இப்பிரயாணத்தின்போது தம் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் 1880-இல் நூலாக வெளிவந்தன. பிரபு எப்படியிருப்பாரோ என்று காத்திருந்த பையன் அப்துல்லா, மெலிந்த உடலும் அடக்கமான நடையுமுள்ள ஒரு முதியவரைக் கண்டு வியந்ததும் நூலாயிற்று. ஆனால் அக்கப்பலின் அடித்தட்டில் வந்த சிப்பாய், தன் மனைவிக்கு என்ன சொல்லி அனுப்பினான்? பிரபுவின் அந்தரங்கம் அச்சேறி அழியாமல் நிற்கிறது. சிப்பாயின் அந்தரங்கம் காற்றோடு போயிற்று. இதில் எவனுக்கு மரியாதை செய்யப்பட்டது என்று வாசகர்களே சொல்லட்டும்.

ராஃபில்ஸ் ஊர் ஊராக ஆள் விட்டு மலாய் ஏடுகளைத் தேடி வாங்கினார். அவற்றோடு தம் குறிப்புகளையும் சேர்த்துக் கப்பலேற்றினார். 1824-ஆம் வருஷம் பிப்ரவரி 2-ஆம் தேதி பெங்கூலனுக்கு அப்பால் ஃபேம் என்ற அக்கப்பல் தீப்பற்றி எரிந்தது. மனிதர் தப்பினர், ஏடுகள் சாம்பலாயின. பிரதியே இல்லாத நூல்கள் பல அதில் போயின என்று அப்துல்லா புலம்புகிறார். காப்பதற்கென்று ஒருவன் கொண்டுபோவதனால் மட்டும் அப்பொருள் காப்பாற்றப்பட்டு விடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமோ?

இதற்கு நேர்மாறான ஒரு விசித்திரமும் உண்டு. 1914-இல் தொடங்கிய முதல் உலகப் போரில் பிரான்சு தேசத்துக்கு அனுப்பப்பட்ட இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைத் துரைத்தனத்தார் தணிக்கை செய்தார்கள். பலருக்கு எழுதத் தெரியாது. தோழன் ஒருவன் எழுதிக் கொடுப்பான். தணிக்கை அதிகாரி அவற்றிற் சிலவற்றை மொழிபெயர்த்து மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். அசல்கள் வீடு சேர்ந்து கிழிந்து போயின. தணிக்கைப் பிரதிகள் லண்டனில் பத்திரமாய் இருக்கின்றன. கறுப்பு மிளகு தீர்ந்து வருகிறது, இனிச் சிவப்பு மிளகைப் போடுகிறார்கள் என்பது போன்ற மறைபொருளில், இந்தியர் மாள்வதையும் வெள்ளையர் களம் புகுவதையும் அவர்கள் ஊருக்குத் தெரிவித்தார்கள். தன்னை ஒருவன் ஒற்றறிகிறான் என்று தெரிந்தே எழுதிய எழுத்து அது. அன்று அதைப் பிரித்தவன் செய்தது அக்கிரமம். அந்த அக்கிரமம் இல்லாவிடில் அச்சிப்பாயின் குரல் நமக்கு இல்லை. நாம் அதைப் படிக்கலாமா? படிக்கலாம் என்பதே நம் துணிபு. பிரித்தவன் அவனை அடக்கி வைக்கப் படித்தான். மறைபொருளில் சொல்ல நேர்ந்ததை வெளிப்படையாகக் கேட்பதற்கு நாம் படிக்கிறோம்.

இனித் தோட்டம். டான் சே யான் என்ற சீன வியாபாரி 1896-இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டது முதல், கங்காணி பின்னே கப்பலேறிய நம்மவர் கடிதம் எப்படி எழுதப்பட்டது? எழுத்தறியாதவன் கிராணியிடமோ கங்காணியிடமோ தோட்டத்து வாத்தியாரிடமோ போய் நிற்பான். பத்துப் பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்ற சட்டம் 1923-இல்தான் வந்தது. வந்த பிறகும் பல தோட்டங்களில் வாத்தியாரும் கங்காணியும் ஒருவரே! கங்காணி கடன் பிடித்துக்கொண்டதை ஊருக்குத் தெரிவிக்க அக்கங்காணியையே எழுதச் சொல்ல முடியுமா? ஆகவேதான் பழைய தோட்டக் கடிதங்களில் 'இவ்விடம் அனைவரும் க்ஷேமம்' என்பதற்கு மேல் ஒன்றும் இராது. அந்த க்ஷேமத்தை அப்படியே நம்புகிற சரித்திர ஆசிரியன் ஏமாந்தவனாவான். சொல்ல முடியாமற் போனது எது என்று கேட்டுப் படிக்கத் தெரியாதவனிடம் அக்கடிதங்களைக் கொடுப்பதும் வீண்.

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் இந்த க்ஷேமச் செய்தியும் நின்றது. மலாயாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் தபாலே இல்லை. அக்காலத்தில்தான் சயாம்-பர்மா ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து சுமார் 75,000 பேர் கொண்டுபோகப்பட்டனர் என்பது பொதுவான மதிப்பீடு. பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அங்கே கைதிகளாயிருந்த வெள்ளைச் சிப்பாய்களும் அதே காட்டில் அதே காலராவில் மடிந்தவர்களே. அவர்கள் துன்பத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவர்கள் ஒளித்து வைத்து எழுதிய நாட்குறிப்புகள் மீண்டன. ஆஸ்திரேலிய வைத்தியர் டன்லப்பின் நாட்குறிப்பு 1986-இல் நூலாயிற்று. காஞ்சனபுரியில் அச்சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்த கல்லறை வரிசைகள் உள்ளன. நம்மவரில் மிகப் பலருக்குக் கல்லறையும் இல்லை, நாட்குறிப்பும் இல்லை. இறந்தவன் மானத்தைக் காப்போம் என்று இவர்கள் விஷயத்தில் வாய் மூடியிருப்போமாயின் நாம் காப்பது யாருடைய மானத்தை?

இங்கே ஒரு தடை எழும். ‘ஐயா, ரயில் பாதைக் கதை சரி. எங்கள் பாட்டனுக்கு ஊரிலிருந்து வந்த கடிதத்தில் குடும்ப விஷயம் இருக்கிறதே?’ என்பார்கள். அக்குடும்ப விஷயம் என்ன? இங்கே பாட்டன் இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்தான். ஊரில் முதல் மனைவி, எழுதத் தெரிந்த ஒரு பையனைப் பிடித்து, காசு செலவு செய்து, கஞ்சிக்கில்லை என்று கேட்டு எழுதினாள். அல்லது சாதி விட்டுச் சாதி கலந்த சம்பந்தம் ஒன்று வெளியாகும். அல்லது கடன். இத்தகைய கடிதத்தைக் கிழிப்பவர்கள் குடும்ப மானம் என்கிறார்கள். மார்த்தா அம்மையார் எரித்தது தம் எழுத்தை. இவர்கள் எரிப்பதோ அவள் எழுத்தை. அவளைக் கேட்டவர் யார்? அவள் எழுதியது அனைவரும் மறக்கவேண்டும் என்பதற்கா, ஒருவனாவது கேட்கவேண்டும் என்பதற்கா? பெற்றவன் பதில் எழுதினானோ இல்லையோ! மானம் போகிறதென்றால் அது அவனுடைய மானம். அவளுக்கு அதில் நாணத்தக்கது ஒன்றும் இல்லை.

உயிரோடிருப்பவரை நோகச் செய்யும் கடிதத்தை அவர் காலம்வரை மூடி வைப்பது தகும். பெயர்களை நீக்கி அச்சிடுவதும் தகும். ஒருத்தியின் படுக்கையறைப் பேச்சை விற்றுக் காசாக்குவது, எத்தனை நூற்றாண்டு சென்றாலும் தகாது. பெட்டியோடு யாரோ ஒரு சேகரிப்பாளரிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவுவதையும் நாம் ஒப்போம். ஃபேம் கப்பல் ஒன்று போதும். 1957-இல் தொடங்கிய தேசிய ஆவணக் காப்பகம் கோலாலம்பூரில் இருக்கிறது. தமிழ் எழுத்தைச் சரளமாய் வாசிக்கக்கூடிய பேரப் பிள்ளைகள் உள்ளபோதே, அக்கடிதங்களை ஒரு முறை உரக்கப் படித்து, இன்னாருக்கு இன்னார் எழுதியது, எழுதிக் கொடுத்தவர் கிராணியா வாத்தியாரா, இன்ன தோட்டம், இன்ன வருஷம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக் கட்டி, பிரதி ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு அனுப்பலாம். கடிதத்தின் அடியில் பெயருக்குப் பதிலாகக் கைநாட்டு மட்டும் இருந்தால், அது யாருடைய கட்டைவிரல் என்பதையும் தெரிந்தவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்பது நலம்.