கழுதைமேல் இரண்டு பொம்மைகள்

சீடன்: ஐயா, தாமஸ் ஹார்டி 1886இல் வெளியிட்ட 'தி மேயர் ஆஃப் காஸ்டர்பிரிட்ஜ்' நாவலுக்கு மிகயீல் பக்தினின் களியாட்டக் கோட்பாடு அச்சில் வார்த்ததுபோல் பொருந்துகிறது. உலர்புல் கட்டும் கூலியாள் ஹென்சார்ட், சந்தையில் குடிபோதையில் மனைவியை ஐந்து கினிக்கு ஒரு மாலுமியிடம் விற்கிறான், பின்னாளில் மேயராகிறான், மறுபடியும் கூலியாளாகிறான். முடிசூட்டலும் முடிபறிப்பும் களியாட்டத்தின் உயிர் என்று பக்தின் சொல்வது இதைத்தானே? அதன் உச்சம் அந்த இரவு ஊர்வலம். ஹென்சார்டையும் அவனுடைய பழைய காதலி லூசெட்டாவையும்போல் பொம்மை செய்து, கழுதைமேல் முதுகோடு முதுகாகக் கட்டி, ஏழைகள் தெருவெங்கும் கொட்டி முழக்குகிறார்கள். மேலோரைக் கீழே இறக்கும் மக்கள் சிரிப்பு அது.

குரு: முடிபறிப்பு உண்டு, ஆனால் அது ஊர்வலத்தில் நடக்கவில்லை, நீதிமன்றத்தில் நடக்கிறது. தேவாலயத்தருகே ஒழுங்கீனமாக நடந்தாள் என்று ஒரு கிழவியைப் பிடித்து வருகிறார்கள். அன்று சந்தையில் ஹென்சார்டுக்கு ரம் கலந்த கோதுமைக் கஞ்சி விற்றவள் அவள். நீதிபதி இருக்கையில் அவனைக் கண்டதும், மனைவியை விற்றவனுக்கு என்னை விசாரிக்கத் தகுதி உண்டா என்று கேட்கிறாள். அவனும் உண்மையை ஒப்புக்கொண்டு இறங்கிப் போகிறான். பக்தினின் களியாட்டத்தில் வேடிக்கை பார்ப்பவர் கிடையாது. சிரிப்பவரும் அந்தச் சிரிப்புக்கு உட்பட்டவரே. கிழவி தானே குற்றம் சாட்டப்பட்டு நின்றபடி, பகலில், நேருக்கு நேர் பேசுகிறாள். ஊர்வலக் கூட்டமோ இருட்டில் வந்து, அதிகாரிகள் தேடும்போது மதுக்கடையில் ஒன்றுமறியாதவர்கள்போல் உட்கார்ந்திருக்கிறது. கருவுற்றிருந்த லூசெட்டா பொம்மையைக் கண்டு வலிப்பில் விழுந்து சாகிறாள்.

சீடன்: களியாட்டச் சிரிப்பில் சாவும் மறுபிறப்பும் பிரியாமல் இருக்கும் என்கிறார் பக்தின். மறுமலர்ச்சிக் காலத்துக்குப் பின் அந்தச் சிரிப்பு தேய்ந்துவிட்டது என்பதும் அவர் கருத்துதான். இந்த ஊர்வலத்தைத் தேய்ந்த களியாட்டம் என்று கொள்ளக் கூடாதா?

குரு: தேய்ந்தது என்றால் ஹென்சார்ட், லூசெட்டா இருவருக்கும் ஒன்றுபோல் தேய்ந்திருக்க வேண்டும். இங்கே சாவும் மறுபிறப்பும் ஆளுக்கொன்றாகப் பிரிந்து போகின்றன. ஆற்று மதகில் உயிரை விடப் போன ஹென்சார்ட், தன் பொம்மை நீரில் மிதந்து வருவதைக் கண்டு திரும்புகிறான். லூசெட்டாவைக் கொன்ற விளையாட்டு அவனைப் பிழைக்க வைக்கிறது. உறவு இருவருக்கும் பொதுவானது; அதை ஊருக்கு வெளிப்படுத்திய அவளுடைய கடிதங்களை, அவள்மேல் பகை கொண்ட ஜாப் என்பவனிடம் கொடுத்தனுப்பியவனும் ஹென்சார்ட்தான். மக்களை ஒரே உடலாகக் கண்ட பக்தினின் கோட்பாடு, அந்த உடலுக்குள் அடி யார்மேல் விழுகிறது என்று கேட்டாக வேண்டும். மனைவியை விலை கூறியபோது கூடாரத்தில் இருந்தவர்கள் அதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். மாலுமி பணத்தை மேசைமேல் வைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. லூசெட்டாவின் தெருவில் அப்படி நிறுத்த ஒருவரும் இல்லை.