சார்ந்ததன் வண்ணம்



ஆன்மாவின் இயல்பு யாதென வினவின், சார்ந்ததன் வண்ணமாதல் என்று நம் சித்தாந்த நூலார் விடை கூறுவர். செம்பருத்திப் பூவின் அருகே வைத்த பளிங்கு செந்நிறமாய்த் தோன்றும். நீலமலரின் அருகே வைப்பின் நீலமாய்த் தோன்றும். இவ்வுவமையை மாணாக்கர்க்குப் பன்முறை சொல்லியிருக்கின்றோம். நமக்கு நாமே சொல்லிக்கொண்டது எத்தனை முறை?

பளிங்கு தான் சாரும் பொருளைத் தெரிந்துகொள்ளமாட்டாது. உயிரோ அறிவுடைப்பொருள், திருவருள் துணைநிற்க, இதனை நினைப்பேன், இதனை நினையேன் என்று தெரிந்துகொள்ள வல்லது. ஒருமுறை நினைத்தது நீரிற் கிழித்த கோடுபோல மறையும். நாடோறும் நினைத்தது மாரிகாலத்து ஒழுங்கையில் வண்டிச்சக்கரம் பதித்த தடம் போன்றது. எருதுகள் விலக முயன்றாலும் சக்கரம் விலகவிடாது. யாம் இளமையில் மிஷன் பாடசாலையொன்றிற் கற்றோம். அங்கே காலைதோறும் ஒப்புவித்த விவிலிய வாசகங்களுட் சில, நாற்பதாண்டு கழிந்தும், அழையாமலே நாவில் வந்து நிற்கின்றன. நம்பிக்கையின்றிச் செய்த பயிற்சியே இத்துணை ஆழப் பதியுமாயின், அன்போடு செய்த பயிற்சி என் செய்யாது!

கருட பாவனை பழகிய மாந்திரிகன் பாம்பின் விடத்தைத் தீர்ப்பான் என்பது சிவஞானபோதத்துக்கு உரைகண்டோர் எடுத்தாளும் உவமை. (பாம்பு கடித்தவரை இக்காலத்தில் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோதல் வேண்டும், உவமையின் கருத்தை மாத்திரம் கொள்க.) இடைவிடாது பாவிப்பவன் பாவிக்கப்படும் பொருளின் தன்மையை எய்துவான் என்பதே அக்கருத்து.

இதற்குப் பூசலார் நாயனாரினும் சிறந்த சான்று வேண்டா. திருநின்றவூரிலே அவர் இறைவனுக்கு ஆலயம் எடுக்க விரும்பினார், பொருள் தேடினார், கிடைத்திலது. ஆகவே மனத்தினுள்ளே கட்டத் தொடங்கினார். கட்டிய முறையை நோக்குமின். கண்ணை மூடி ஒரு கணத்திற் கோபுரத்தை நினைந்து முடித்தாரல்லர். கல்லும் மரமும் நினைவாலே தேடினார், தச்சரை நினைவாலே அமைத்தார், நல்லநாள் பார்த்து அடிநிலை பாரித்தார், இரவிலும் உறங்காது கட்டினார், சுதைவேலை செய்தார், கிணறும் குளமும் மதிலும் அமைத்தார். அவர் நினைவு வேலையாளைப்போல நாடோறும் உழைத்தது. அதனாலன்றோ கச்சியிலே கற்றளி எடுத்த காடவர்கோன், கனவில் ஆணைபெற்றுத் திருநின்றவூருக்கு வந்து, “பூசலார் கட்டிய கோயில் எங்கே?” என்று ஊராரை வினவ நேர்ந்தது.

இனி எமது குற்றமொன்றை மறையாது கூறுகின்றோம். முப்பதாண்டாகச் சிவப்பு மையாற் பிழை திருத்தி வருகின்றோம். தொழிலுக்கு அது வேண்டுவதே. ஆனால் அம்மை கொப்பியோடு நின்றிலது. வீட்டில் உண்ணும்போது கறியில் உப்பு மிகுந்தது தெரிந்தது. மனைவியார் விடியுமுன் எழுந்து சமைத்தது தெரிந்திலது. ஆலயத்திலே தீபாராதனை நிகழ்கையில், ஓதுவார் ஒரு சொல்லைப் பிழைபட ஓதினார் என்று மனத்திற் குறித்துக்கொண்டு நின்றோம். கண் திறந்திருந்தும் தீபத்தைக் கண்டிலேம்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஆறுமுகநாவலர் 1852இல் வெளியிட்ட பெரியபுராண வசனத்திலிருந்து இப்புராணத்தையே வகுப்பில் வாசிப்பித்தோம். வாசித்த பிள்ளை ழகரத்தை ளகரமாக உச்சரித்தான். ஏழெட்டிடத்தில் நிறுத்தித் திருத்தினோம். முடிவிலே பின்வாங்கில் இருந்த ஒருவன் எழுந்து, “ஐயா, அரசன் கட்டின கோயிலுக்குச் சுவாமி பிறகு எழுந்தருளினாரா?” என்று கேட்டான். “கேட்கச் சொன்னாற் கேள்; இப்போது இரு” என்றோம். இருந்துவிட்டான்.

அன்றிரவு நித்திரை வந்திலது. வகுப்பு முழுவதிலும் சுவாமியை நினைத்துக்கொண்டிருந்தவன் அவனொருவனே. ஏனையோரை ழகரத்தின்பாற் சார்த்தியவர் யாமே.

இப்பொழுது கொப்பியைத் திறந்தால், சிவப்பு மையைத் தொடுமுன் பிள்ளை செவ்வனே எழுதியது ஒன்றைத் தேடுகின்றோம். எளிதன்று; தடம் ஆழமானது. சில நாள் மறந்தும் போகின்றோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பிள்ளையை எழுப்பி விடை கூறினோம். அரசன் குறித்த நாளை வேறொரு நாளுக்கு மாற்றும்படியே இறைவர் பணித்தார். அவன் கோயிலை வேண்டாமென்றாரல்லர். “அப்படியானால் இரண்டு கோயிலுக்கும் போனார்” என்று சொல்லி மகிழ்ச்சியோடு இருந்தான். அன்றும் முன்னைய பிள்ளையே வாசித்தான். அன்றும் ழகரம் வாய்த்திலது. மணி அடிக்கும்வரை காத்திருந்து, ஏனையோர் சென்றபின் அவனை அருகே அழைத்துத் திருத்தினோம்.