ஏறி இறங்கும் நெஞ்சு

வருசநாட்டில் இலவங்காய் பறிக்கும் பருவத்தில் மரத்திலிருந்து விழுவோர் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு விழுந்த ஓர் இளைஞனுக்கு நோயில் பூசுதல் அளிக்க மருத்துவமனைக்குச் சென்றேன். மூளைத்தண்டு இறந்ததா என அறியும் முதற்சோதனை முடிந்திருந்தது, இரண்டாவது நடக்கவிருந்தது. உறுப்புகளைத் தர இயலுமா என்றும் தாயிடம் கேட்டிருந்தார்கள்.

"சாமி, நெஞ்சு ஏறி எறங்குது. ஒடம்பு சூடா இருக்கு. நீங்களே எண்ணெய் பூசுனீங்களே, செத்தவனுக்கா பூசுனீங்க? நான் சம்மதிச்சா, பெத்தவளே கொன்னதா ஆகாதா?"

இறந்தவருக்கு இவ்வருளடையாளம் இல்லை. இறந்தாரோ என ஐயமிருந்தால் அளிக்கலாம் என்பது திருச்சபைச் சட்டம். அதை அவரிடம் எப்படி விளக்குவது? செபித்துவிட்டுத் திரும்பினேன். அவர் சம்மதிக்கவில்லை.

பின்னரே பின்மூளையைப் பற்றிப் படித்தேன். பிடரிப் பக்கம் முகுளம், அதன்மேல் பாலம், பின்னே சிறுமூளை. கிளைமேல் நின்று காய் பறிப்பவனைத் தடுமாறாமல் காப்பது சிறுமூளை. மூச்சின் தாளத்தை எழுப்புவது முகுளம். அதைச் சீர்செய்வதில் துணைநிற்பது பாலம். இவ்விரண்டும் நடுமூளையும் சேர்ந்ததே மூளைத்தண்டு. இதயமோ தன் துடிப்பைத் தன்னுள்ளேயே தோற்றுவிக்கிறது. முகுளம் அதன் வேகத்தை மட்டும் கூட்டும், குறைக்கும். ஆகவே முகுளம் அழிந்தபின்னும், இயந்திரம் காற்றைச் செலுத்தினால் இதயம் சிலகாலம் துடிக்கும். அத்தாய் கண்டது இயந்திரத்தின் மூச்சை.

1994-ஆம் ஆண்டின் உறுப்புமாற்றுச் சட்டப்படி, நான்கு மருத்துவர் கொண்ட குழு ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதிக்க வேண்டும். கண்மணி ஒளிக்குச் சுருங்குகிறதா, இருமல் எழுகிறதா எனப் பார்ப்பார்கள். இயந்திரத்தைப் பிரித்து, குருதியில் கரியமிலவாயு மிகுந்தபின்னும் மூச்சு எழவில்லையா என்றும் பார்ப்பார்கள். பெருமூளை சிதைந்தும், தானே மூச்சுவிட்டுக் கிடப்பவர் இறந்தவரல்லர். நாமோ 'கோமா' என்ற ஒரே சொல்லில் இருவரையும் அடக்கிவிடுகிறோம்!

இறப்பின் கணத்தைத் தீர்மானிப்பது மருத்துவரின் பணி என்றார் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், 1957-இல். மூளையின் செயல் முழுவதும் மீளாவண்ணம் நின்றது எனக் கண்டிப்பாக உறுதிசெய்யப்பட்டால், அதை இறப்பின் அடையாளமாகக் கொள்வது கிறிஸ்தவ மனிதப் பார்வைக்கு முரணன்று என்றார் இரண்டாம் அருள் சின்னப்பர், 2000-இல். அவர் பெருமூளையையும் சேர்த்தே சொன்னார். நம் சட்டம் தண்டை மட்டும் நோக்குகிறது. இவ்வேறுபாட்டை நான் மறைக்க விரும்பவில்லை. இறையியலார் சிலர் இன்றும் இதுபற்றி வாதிடுகின்றனர். ஆயினும் தண்டு அழிந்தபின் விழிப்புக்கும் மூச்சுக்கும் வழியில்லை. மனச்சான்று செயற்படப் போதிய அறநெறி உறுதி இதில் உண்டென்றே கருதுகிறேன். சம்மதிக்கும் தாய் கொல்பவள் அல்லள். மறுக்கும் தாயும் குற்றவாளி அல்லள்.

உறுப்புக்கொடையாளர்க்கு அரசு மரியாதை என 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. அம்மாதமே, நம் பள்ளத்தாக்கின் சின்னமனூரைச் சேர்ந்த ஒருவருக்கு அம்மரியாதை அளிக்கப்பட்டது. அடுத்த ஞாயிறு, பூசை முடிந்தபின் அந்தத் தாய் கோயில் வாசலில் நின்றிருந்தார். படித்தவற்றையெல்லாம் மெல்லச் சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, சாமி."