மன உறுதி யாருடையது?

உடற்பயிற்சியைத் தொடங்குவோர் பலர், தொடர்வோர் சிலர். கைவிட்டவனை மன உறுதியற்றவன் என்று பழிப்பது நியாயமா?

மன்னார்த் தீவில் கரைவலை இழுப்பவனை நாள்தோறும் கடற்கரைக்கு அழைப்பவை இரண்டு: ஒன்று பசி, மற்றொன்று, தன் கை தளர்ந்தால் பாரம் தோழனின் தோளில் ஏறும் என்ற எண்ணம். அவன் உழைப்பையே உடற்பயிற்சி என்று போற்றுவது கொடுமை. பயிற்சி உடலை வளர்க்கும். ஓய்வற்ற உழைப்போ உடலைத் தின்னும்.

அதே தீவின் தலைமன்னாரிலிருந்து 1966 ஏப்ரலில் தனுஷ்கோடிக்கு 25 மணி நேரத்துக்கு மேல் தனியே நீந்திய மிகிர் சென்னுக்கும் இந்தியக் கடற்படை துணை வந்தது.

உறுதி தனிமனிதச் சொத்தன்று. உணவும் ஓய்வும் தோழமையும் ஈன்ற குழந்தை. பயிற்சியில் நிலைக்க விரும்புவோன் தோழனைத் தேடட்டும்; சமுதாயம் உழைப்பவனுக்கு ஓய்வைத் தரட்டும். அதன் பின்னரே பழிக்கும் உரிமை எவருக்கும் உண்டு.