குறைந்த வாடகை

நாச்சியாபுரத்தில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். சேமநிதிப் பணத்தில் வாங்கிய ஓட்டு வீடு ஒன்றை, தையற்காரர் ஒருவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக வாடகைக்கு விட்டிருக்கிறார். மாதம் 2,500 ரூபாய். பக்கத்து வீட்டுக்கு 5,000 வருகிறது. போன கார்த்திகையில் நான் போயிருந்தபோது, "நீங்கள் கதை எழுதுகிறவர், மனிதர்களை அறிந்தவர். வாடகையை உயர்த்துவது தர்மமா, சொல்லுங்கள்" என்றார்.

சட்டம் அவருக்கு மனப்பாடம். 1960-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் போய், 2019 பிப்ரவரி 22 முதல் புதியது நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தத்தை எழுதிப் பதிய வேண்டும். மனஸ்தாபம் வந்தால் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. தொகையை மட்டும் இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கணக்கும் போட்டோம். இப்போது ஆண்டுக்கு 30,000. இரட்டிப்பாக்கி, தையற்காரர் வெளியேறி, வீடு மூன்று மாதம் பூட்டிக் கிடந்தால் 45,000. வெள்ளையடிக்கவும் ஓடு மாற்றவும் 20,000 போனால் மிச்சம் 25,000. முதல் ஆண்டு நஷ்டம், பிறகு லாபம். பையன் சென்னையிலிருந்து சொல்வதும் அதுதான்.

"பாதி வாடகைக்கு விட்டிருக்கிறேனே, இதற்கு மேலுமா தர்மம்?" என்றார் நண்பர். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

குடை பிடித்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் புறப்பட்டோம். வழியில் பூட்டிய பெரிய வீடுகள். இந்த வட்டாரத்து லேவாதேவிக்காரர்களின் பர்மாக் கதை நினைவுக்கு வந்தது. 1930-இல் கீழ்பர்மா நெல் நிலத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு அவர்களிடம் இருந்தது. நெல் விலை விழுந்து கடன் வராமற் போக, 1938-க்குள் அது கால் பங்காயிற்று. நிலம் தேடிப் போனவர்கள் அல்லர், வட்டிக்குப் போனவர்கள். பத்திரம் ஒருவர் பெட்டியில், வயலில் வேறொருவர் கால். 1942-இல் யுத்தம் வந்தபோது, பெட்டியோடு ஓடி வந்தவர்களுக்குப் பத்திரம்தான் மிஞ்சியது.

தையற்காரர் எங்களைக் கண்டதும் பதறி எழுந்தார். அடுப்பங்கரையில் இரண்டு பித்தளைக் குண்டான்களும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் வரிசையாக இருந்தன. ஓட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

"எத்தனை நாளாக இப்படி?" என்றார் நண்பர்.

"நாலு வருஷமா ஸார். ஓட்டை நானே ரெண்டு தரம் அடைச்சுப் பார்த்தேன்."

"என்னிடம் சொல்லக் கூடாதா?"

அவர் தயங்கினார். "இந்த வாடகைக்கு வேற எங்க ஸார் வீடு கிடைக்கும்? சொன்னா நீங்க ஏதாவது நினைச்சுக்குவீங்களோன்னு..."

நண்பர் பேசவில்லை. எனக்குச் சுருக்கென்றது. அரை வாடகை என்று நாங்கள் மெச்சிக்கொண்டிருந்தது, ஒரு மனிதரின் வாயை நான்கு மழைக்காலம் மூடி வைத்த விலையல்லவா? கூரையைச் சீராக்கிவிட்டு 4,000 கேட்கிறவர், ஒழுகவிட்டு 2,500 வாங்குகிறவரைவிட நல்ல வீட்டுக்காரர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்த 4,000-ஐத் தையற்காரரால் தர முடியுமா? அதை அவரிடம்தான் கேட்க வேண்டும். நாங்கள் இருவரும் திண்ணையில் உட்கார்ந்து போட்ட கணக்கில் அவர் இல்லவே இல்லை.

நண்பர் வாளியைச் சிறிது நகர்த்தி, சொட்டு விழும் இடத்துக்கு நேராக வைத்தார். பிறகு, ஓடு மாற்றுகிற கொத்தனார் யார் இருக்கிறார் என்று தையற்காரரை விசாரித்தார்.